பாலத்தடியில மாட்டுன உப்புப் படகு

கண்ணை மூடு கனகவல்லி. அத்தை நிறுத்துற எடத்துல "ம்" கொட்டணும். கொட்டலேன்னா கதை கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிடும்.

ஒரு ஊர்ல ஒரு நீளமான கால்வாய். உப்பு, வெறகு, நெல்லு எல்லாம் அதுலதான் பட்டணம் போகும். கரை நெடுக கடை, சந்தை, அத்தனை பேரு அடுப்பும் அந்தத் தண்ணியாலதான் எரிஞ்சுது. அங்க எத்திராஜம்மான்னு ஒருத்தி. ஒரு படகுதான் அவ சொத்து. உப்பளத்து உப்பை ஏத்திக்கிட்டு மூணு நாள் போவா. ம்?

அப்போ கால்வாய்க்கு மேல பாலம் கட்ட ஓவர்சியர் வந்தாரு. "ஏம்மா, படகு போக எவ்வளவு உசரம் வேணும்?" அன்னிக்குப் படகு நெறைய உப்பு. தண்ணியில அமுங்கிக் கெடக்கு. இவ கையை ஒசத்தி, "இவ்வளவு போதுங்க"ன்னுட்டா. பாவி மக, பாரத்தோட அளவு குடுத்துட்டா!

அப்புறம் இரும்பு உத்தரம் வச்சுப் பாலத்தை மூடுனாங்க. ரோடு முடிய ஒரு படகு ஜல்லிதான் பாக்கி. மறுநாளே எத்திராஜம்மா அந்த ஜல்லியை ஏத்திக்கிட்டுப் போனா. பாலத்தடியில சர்ருனு நுழைஞ்சு, அந்தாண்ட கொட்டுனா. சலசலசல! காலிப் படகைத் திருப்புனா பாரு... டமார்! மூக்கு இடிச்சுது. பாரம் எறங்குனா படகு எழும்பும்ல? பாலத்துக்கு இந்தாண்ட உப்பளத்துல அவ மூட்டையெல்லாம் கெடக்கு. பொழுது சாயறதுக்குள்ள ஏத்தலேன்னா வேற ஆளுக்குன்னு முதலாளி சொல்லியிருக்காரு.

கழியை ஊனித் தள்ளுனா. நங்! நகரல. கடல் வத்துனா கால்வாய்த் தண்ணியும் எறங்கும்னு உக்காந்தா. தண்ணி ஒரு சாண் எறங்குச்சு. மறுபடி நங்! இன்னும் நாலு விரல் வேணும். ஜல்லியைத் திரும்ப ஏத்தலாமேங்குறியா? கெட்டிக்காரி! அதைத்தான் மேஸ்திரி ரோட்டுல பரப்பிட்டானே.

அப்போ ரோடு வேலை பாத்தவங்களைக் கூப்பிட்டா. "அண்ணே, அக்கா, பாரத்துக்குக் கொஞ்சம் ஏறி உக்காருங்க!" தொபுதொபுன்னு முப்பது பேரு. படகு அமுங்குச்சு. எல்லாரும் தலையைக் குனிஞ்சு, மெள்ள மெள்ள...

தலைக்கு மேல தடதடதடதட! அலறிட்டாங்க எல்லாரும். வெளிய வந்து நிமிர்ந்தா, பாலத்து மேல லாரி! லாரி நெறைய உப்பு மூட்டை. ஒவ்வொண்ணுலயும் எத்திராஜம்மா போட்ட பச்சைக் குறி. அவ கொட்டுன ஜல்லி மேலயே ஏறிப் போகுது!

"இன்னும் வெயில் அடிக்குதே, அடப்பாவிங்களா!" நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. "யாரும் எறங்காதீங்க. உப்பளத்துக்கு விடுறேன். பொழுது சாயலேன்னு சாட்சி சொல்லுங்க."

போனாங்க. முதலாளி ஆகாசத்தைப் பாத்தாரு. "சாயலதான் எத்திராஜம்மா. ஆனா பொழுது சாயறதுக்குள்ள உன் உப்பு பட்டணத்துலயே எறங்கிடும்."

ம்? மூணு நாள் தூரம்டி! முப்பது பேரும் வாயைப் பொளந்து நின்னாங்க. படகை விட்டு ஒருத்தரும் எறங்கல.

கதை கரை ஏறிடுச்சு. அப்புறம் என்னன்னு கேக்காத. தூங்கு.