மணக்காத மனோரஞ்சிதம்

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்ற நாட்டைக் கார்மேகராசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. தோட்டத்தில் எந்தப் பூ மலர்ந்தாலும் அன்றைக்கே, பொழுது சாயுமுன், அது தன் தட்டில் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருந்தான்.

ஒருமுறை மலைநாட்டிலிருந்து ஒரு மனோரஞ்சிதச் செடி வந்தது. எந்தப் பழத்தை நினைத்து முகர்ந்தாலும் அந்த மணம் தரும் என்று அதற்குப் பெயர். மந்திரி திருவெண்காடர் முன்னின்று நட்டார். உச்சிவெயில் படாத இடமாகப் பார்த்து, செம்மண்ணில் மக்கிய சாணம் கலந்து, தண்ணீர் தேங்காமல் மேடாக்கி, கொப்புகள் ஏறப் பந்தலும் போட்டார். எந்தக் காலத்திலும் செடி பச்சைப்பசேலென்றுதான் நின்றது. பூக்கத்தான் வருஷக்கணக்காயிற்று.

கடைசியில் ஒரு பூ விரிந்தது. விரிந்த கையோடு பறித்துச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். அரசன் முகர்ந்தான். முகம் கறுத்தது. ஒன்றும் பேசாமல் பூவைச் சபையலங்காரத் தலைவர் நாகமாணிக்கத்திடம் நீட்டினான்.

நாகமாணிக்கத்துக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. பூவை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"ஆகா! பலாச்சுளை, அரசே! நல்ல மனசுக்குத்தான் இது மணக்குமாம். கெட்ட மனசுக்கு மணக்கவே மணக்காதாம்!"

இதைக் கேட்டபின் யார் வாயில் உண்மை வரும்? "எனக்கு வாழைப்பழம்!" "எனக்குக் கொய்யா!" என்று சபையே ஒரு பழக்கடை ஆயிற்று. பூ மந்திரியிடம் வந்தது.

"எனக்கு ஒன்றும் மணக்கவில்லை, அரசே."

"கேட்டீர்களா, அரசே!" என்று துள்ளினார் நாகமாணிக்கம். "கெட்ட மனசுக்காரர் கையிலா நாட்டின் முத்திரை மோதிரம் இருப்பது?"

அரசன் மந்திரியின் முகத்தைப் பார்க்கவில்லை. "வரும் பௌர்ணமிச் சபையில் உம் மனம் நல்லதென்று காட்டும். இல்லையேல் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போம்" என்றான்.

மந்திரிக்கு நெஞ்சு வலித்தது. பதவி போவதைவிட, இத்தனை காலம் பழகிய அரசன் தன்னைக் கெட்டவன் என்று நம்பிவிட்டானே என்பதுதான் வலி. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. எல்லோரும் ஒரு பழத்தைச் சொன்னார்களே, அரசன் எதைச் சொன்னான்?

தினமும் செடியடியில் போய் நின்றார். ஒருநாள் கமகமவென்று ஒரு வாசம் அவரை இழுத்தது. கொப்புகளை விலக்கிப் பார்த்தார். இலையோடு இலையாக ஒளிந்ததால் பறிப்பவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு பூ, மஞ்சளாகப் பழுத்துத் தொங்கியது. மந்திரி வாய்விட்டுச் சிரித்தார்.

பௌர்ணமியன்று வெள்ளித்தட்டில் ஒரு பச்சைப்பூவோடு வந்தார். "முதலில் நல்ல மனசுக்காரர் முகரட்டும்" என்று நாகமாணிக்கத்திடம் நீட்டினார்.

"ஆகா! இன்றைக்கு மாம்பழம்! போன தடவையைவிடத் தூக்கல்!"

மந்திரி அதை வாங்கி ஒரு நூலை இழுத்தார். பூ பொலபொலவென்று உதிர்ந்தது. அத்தனையும் கொழுந்திலை! நூலால் தைத்துப் பூவாக்கியிருந்தார்.

பிறகு மேல்துண்டின் முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள் பூவின் மணம் கடைசி வரிசை வரை போயிற்று.

"அரசே, மல்லிகையை அன்றைக்கே பறிப்பதுதான் சரி. இது பச்சையாக விரியும், அப்போது மணக்காது. செடியிலேயே விட்டால் மெல்ல மஞ்சளாகும், பிறகுதான் மணக்கும். நம் சட்டம் அதுவரை விடவில்லை."

அரசன் பூவை வாங்கி வெகுநேரம் முகர்ந்தான். கண் கலங்கிவிட்டது.

"அன்றைக்கு எனக்கும் மணக்கவில்லை, மந்திரியாரே. என் மனம்தான் கெட்டதோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்ன உம்மைத் துரத்தப் பார்த்தேன். மோதிரம் உம் விரலிலேயே இருக்கட்டும்."

சட்டத்தை அப்போதே திருத்தினான். மனோரஞ்சிதம் மஞ்சளாகும் வரை அரசனே ஆனாலும் கை வைக்கக் கூடாது. நாகமாணிக்கத்துக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. காலையில் பூ மணக்கிறதா என்று சபையில் வந்து சொல்லவும் வேண்டும்.

மறுநாள் சேறு படிந்த காலோடு வந்து, தலை குனிந்து நின்றார்.

"அரசே... புதிதாய் விரிந்த பூ பச்சையாகத்தான் இருக்கிறது. ஒன்றும் மணக்கவில்லை."

அரசன் எழுந்து வந்து, தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான்.

"இந்தச் சபையில் நீர் சொன்ன முதல் உண்மை இது, ஐயா."