பதினான்காவது ஓலை

இளவழுதி மன்னர் ஆண்டபோது, ஒரு மழைக்காலத்தில் அவருடைய குதிரைப்படையின் இருபது குதிரைகள் ஆற்று வெள்ளத்தில் மூழ்கிச் செத்துப்போயின. அன்று ஆற்றில் இறங்கியவர்கள் பதினான்கு பேர். தளபதி மழவராயரும் அவருடைய வீரர்கள் பதின்மூன்று பேரும்.

படைக்குள் குற்றம் நடந்தால் யார்மேல் வழக்குப் போடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் தளபதிக்குத்தான். மழவராயர் நிதானமாக யோசித்து, கொற்றன் என்ற வீரன்மேல் போட்டார். குதிரைகளை வெள்ளத்தில் விரட்டியவன் அவன்தானாம். நிரூபணமானால் தலை போகும். மற்ற பன்னிரண்டு பேரையும் சாட்சியாக்கி, ஆளுக்கொரு அபய ஓலை கொடுத்தார். உண்மையைச் சொன்னால், இந்த வழக்கில் செய்ததற்கும் சொன்னதற்கும் அவர்களுக்குத் தண்டனை கிடையாது.

ஓலைகளை எழுதியவர் அரசவை எழுத்தர் காரிநாதர். எழுதி முடித்தபோது அவருக்கு விரல் வலித்தது. விசாரணையில் பன்னிரண்டு பேரும் ஒரு சொல் பிசகாமல் ஒரே வாக்கியத்தைச் சொன்னபோது மனசும் வலித்தது. கொற்றன் வாயே திறக்கவில்லை. தளபதியைக் குறை சொன்னால் படையில் அது தனிக் குற்றம்.

தீர்ப்புக்கு முன் மன்னர் காரிநாதரிடம் கருத்துக் கேட்டார்.

“வழக்கைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை, அரசே. கொற்றனும் அன்று கண்ணைத் திறந்துகொண்டுதான் ஆற்றில் இருந்தான். அவனுக்கும் ஓர் அபய ஓலை கொடுத்தால் சாட்சி பதின்மூன்றாகும்.”

குற்றவாளிக்கே அபயமென்றால் யாரைத் தண்டிப்பது என்று மழவராயர் கேட்டார். அதைத்தான் விசாரிக்கப் போகிறோம் என்றார் காரிநாதர். மன்னர் தலையசைத்தார்.

ஓலை கைக்கு வந்ததும் கொற்றன் பேசினான். வெள்ளம் வடியட்டும் என்று தான் கெஞ்சியதையும், மாலையில் வீட்டில் விருந்து இருக்கிறது, இறங்குங்கள் என்று தளபதி அதட்டியதையும் சொன்னான். காரிநாதர் மற்றவர்களுக்கு அவர்களுடைய ஓலையை வாசித்துக் காட்டினார். ‘உண்மையைச் சொன்னால்’ என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை வாசித்தார். முதல் வீரன் தன் காலைப் பார்த்தபடி, கொற்றன் சொன்னதுதான் நடந்தது என்றான். மற்ற பதினோரு பேரும் அதையே சொன்னார்கள், இந்த முறை ஆளுக்கொரு விதமாக.

உடனே மழவராயர் தனக்கும் ஓர் அபய ஓலை வேண்டும் என்றார்.

காரிநாதர் எழுத்தாணியை எடுத்தார்.

“தாராளமாக எழுதித் தருகிறேன், தளபதியாரே. ஆனால் இது அடுத்தவர்மேல் சாட்சி சொல்பவர்களுக்கான ஓலை. பதின்மூன்று பேருக்கும் அபயம் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பவர் அரசர் ஒருவர்தான். அவர்மேல் சாட்சி சொல்கிறீர்களா?”

மன்னர் சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. பிறகு கொற்றனை வீட்டுக்கு அனுப்பினார். வழக்கு யார்மேல் என்ற முடிவை மட்டும் அன்று அவரே எடுத்தார்.