ஆலப்புழையில் ஒரு சமமான படகு

"தண்ணி போற பக்கமா நடந்தா போதும், படகுத்துறை தானா வந்துரும். யாருகிட்டயும் வழி விசாரிக்க வேண்டாம்" என்று பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அது ஆவுடையம்மாளின் காதில் விழுந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவள் கணவர் தளவாயின் காதிலும் விழுந்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

"கேட்டியாட்டி? விசாரிக்கவே கூடாதாம்."

தளவாயும் அவர் தம்பி குற்றாலிங்கமும் தென்காசி மார்க்கெட்டில் எடை போடுகிறவர்கள். வத்தல் மூட்டையை நிறுத்து நிறுத்து, அந்த வீட்டில் எதையும் நிறுக்காமல் இருக்க முடியாது என்றாகிவிட்டது. தோசை மாவுகூடத் தராசில் ஏறி இறங்கிய பிறகுதான் கல்லுக்குப் போகும்.

கல்யாணமான புதிதில், "ஆலப்புழைக்குக் கூட்டிட்டுப் போயி உன்னைப் படகுல ஏத்துதேன்" என்று தளவாய் ஆவுடையிடம் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருஷம் கழித்து, இந்த ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்ப முடிந்தது. கொழுந்தனும் அவன் மனைவி செண்பகமும் கூட வந்தார்கள். ஊர் திரும்ப ஆறு மணிக்குக் கடைசி பஸ். அதற்குள் படகில் ஏறியாக வேண்டும். தவறினால் இனி அடுத்த வத்தல் சீசன் முடிந்துதான். ஆவுடை அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

வாய்க்கால் அழகாகத்தான் இருந்தது. இரண்டு கரையிலும் பழைய கயிற்றுக் கிடங்குகள், ஓட்டுக் கூரைகள், குனிந்து தண்ணீரைப் பார்க்கிற மாதிரி பாலங்கள். வந்தவர்கள் எல்லாரும் பாலத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். இவர்கள் நாலு பேர் மட்டும் தண்ணீரையே பார்த்தார்கள். அது அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"தண்ணி எங்கயும் போகலையே அத்தான்" என்றாள் செண்பகம்.

"ஞாயித்துக்கிழமைல்லா" என்றார் தளவாய். "மெதுவாத்தான் கிளம்பும்."

குற்றாலிங்கம் கெட்டிக்காரன். தூக்குச்சட்டியைத் திறந்து, புளியோதரையிலிருந்து ஒரு கறிவேப்பிலையை எடுத்துத் தண்ணீரில் விட்டான். கால் மணி நேரத்தில் இலை ஒரு சாண் நகர்ந்தது. நால்வரும் ஒரு சாண் நகர்ந்தார்கள். அடுத்த கால் மணி நேரத்தில் இலை அரைச் சாண் பின்னால் வந்தது. இவர்களும் வந்தார்கள். உச்சிவெயிலில் எங்கிருந்தோ ஒரு வாத்து வந்து இலையை விழுங்கிவிட்டுப் போனது.

"இப்ப என்ன அண்ணே செய்ய?"

"இலை எங்க இருக்கு?"

"வாத்து வயித்துல."

"அப்ப வாத்து போற பக்கம்தான் இலை போற பக்கம். நட."

"வாத்து நீந்திப் போகுது. தண்ணி அங்கேயேதான நிக்குது?" என்று கேட்டாள் ஆவுடை.

"வாத்துக்குள்ளயும் தண்ணி இருக்கும்ட்டி."

ஆவுடை யோசித்துப் பார்த்தாள். இருக்கத்தான் செய்யும் என்று தோன்றியது.

வாத்து ஒரு வீட்டின் பின்வாசலில் ஏறி உள்ளே போனது. நால்வரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். அந்த வீட்டுக்காரம்மா திகைத்து நின்று, பிறகு உட்காரச் சொல்லி, காபி வேண்டுமா என்றும் கேட்டாள். வாத்து நிற்காததால் இவர்களும் நிற்கவில்லை. முன்வாசல் வழியாக இறங்கி, இரண்டு தெரு தாண்டி, சரியாக மூன்றரை மணிக்கு அது படகுத்துறையிலேயே கொண்டுபோய் விட்டது.

தளவாய் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "விசாரிச்சிருந்தோம்னா வழி தப்பியிருப்போம்."

படகுக்காரர் அச்சுதன் தூத்துக்குடியில் பத்து வருஷம் இருந்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார். "ஏறுங்க. ரெண்டு பக்கமும் சமமா உக்காந்தா போதும்" என்றார்.

சமம் என்றதும் தளவாய் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"நான் எம்பத்திரெண்டு. ஆவுடை அம்பத்திநாலு. நாங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கம். எதிர்ப் பக்கம் தம்பி அறுபத்தொண்ணு, செண்பகம் எழுபது."

"அறுபத்தெட்டு அத்தான்."

"போன வாரம் நம்ம தராசுலதான ஏறி நின்ன?"

"அன்னைக்குத் தலைக்குக் குளிச்சிருந்தேன். முடி ஈரம்."

ஈரம் எழுபதிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. எதிர்ப் பக்கம் ஐந்து கிலோ குறைந்தது. புளியோதரைத் தூக்குச்சட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். சமம்.

"புறப்படுங்க அண்ணாச்சி" என்றாள் ஆவுடை அவசரமாக.

அந்த நேரம் பார்த்துக் குற்றாலிங்கம் ஒரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் தோலைத் தண்ணீரில் எறிந்தான்.

"நிறுத்துங்க!" என்று தளவாய் கத்தினார். தோலுக்கு ஈடாகத் தன் செருப்பில் ஒன்றை எறிந்தார். செருப்பு கனம் அதிகம். அதற்கு ஈடாகக் குற்றாலிங்கம் தன் செருப்பு இரண்டையும் எறிந்தான். அது கூடிப்போயிற்று. இப்படியே நாலரை மணிக்குள் எட்டுச் செருப்பும் ஒரு குடையும் போய்விட்டன. படகு மட்டும் இன்னும் கட்டின இடத்திலேயே இருந்தது.

"ஏங்க, போதும்ங்க. கிளம்பிருவோம்" என்றாள் ஆவுடை. அழுகை வரும்போல இருந்தது.

"சாய்ஞ்ச படகுலயா உன்னைக் கூட்டிட்டுப் போவேன்? இறங்குட்டி. எல்லாரும் இறங்குங்க. முதல்லேருந்து நிறுப்போம்."

நால்வரும் இறங்கினார்கள். தூக்குச்சட்டியும் இறங்கியது. படகு லேசாக ஆடி நின்றது.

"பாத்தியா! இப்ப எவ்வளவு நேரா நிக்குது!"

"மூலையில மட்டும் கொஞ்சம் அமுங்குது அண்ணே" என்றான் குற்றாலிங்கம். அந்த மூலையில் அச்சுதன் நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்களும் கொஞ்சம் இறங்குங்க."

இருபது வருஷமாகப் படகு விடுகிற அச்சுதனை அதுவரை யாரும் படகிலிருந்து இறங்கச் சொன்னதில்லை. ஏன் என்று கேட்கவும் தோன்றாமல் இறங்கினார். ஐந்து பேரும் கரையில் வரிசையாக நின்று படகைப் பார்த்தார்கள். தண்ணீர்மேல் கோடு போட்டாற்போல் நின்றது.

"இதுதான் சமம்" என்றார் தளவாய், நெகிழ்ந்துபோய். "இப்படியே அனுப்பிருவோம். சுத்திட்டு வந்துரட்டும். நாம இங்கேயே நிப்போம்."

மணி ஐந்து ஆகப்போகிறது. ஆவுடை புடவையைத் தூக்கிச் செருகினாள். படகில் ஏறி, நட்டநடுவில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

"அம்மா! அம்மா!" என்று பதறினார் அச்சுதன்.

"சும்மா இருங்க அண்ணாச்சி, நடுவுலதான இருக்கா" என்று தளவாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். முகம் மாறிற்று. "ஏட்டி! மூக்குத்தி! மூக்குத்தி இடப்பக்கம் இருக்குட்டி!"

ஆவுடை மூக்குத்தியைக் கழற்றி, இரண்டு முன்பல்லுக்கும் நடுவில் கடித்துக்கொண்டு, கழியை எடுத்துக் கரையை ஒரு தள்ளு தள்ளினாள்.