முப்பத்திரண்டு பட்டன்

மைமூனிடம் தையல் கற்க வந்தபோது கோமதிநாயகத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. மைமூனுக்கு நாற்பது. நூல் மில்லை மூடிவிட்டார்கள். வேறு வேலை தெரியாமல் வந்து நின்றார்.

"ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியாது மாஸ்டர்," என்றார்.

"கண்ணாடி போடுங்க அண்ணாச்சி," என்றாள் மைமூன்.

அதுதான் முதல் பாடம்.

இரண்டு வருடத்தில் அவர் சங்கரன்கோவில் கடைத்தெருவில் தனிக்கடை போட்டார். எதிர்வரிசையில் தங்கத்துரையின் கடை. தங்கத்துரை இருபத்தைந்து வருடமாகக் கல்யாண பிளவுஸ் தைக்கிறவர். தையல்காரர் சங்கத்தில் அவர் தும்மினால்கூட எழுதி வைப்பார்கள்.

வைகாசி பிறந்த வாரம், கோமதிநாயகம் ஒரு கையில் போனும் மறு கையில் ஒரு பையுமாக மைமூனின் கடைக்குள் நுழைந்தார். மூச்சு வாங்கியது.

"மாஸ்டர், என்னைத் திருடன்னு சொல்லிட்டான்."

"யாரு?"

"தங்கத்துரை. சங்கத்து வாட்ஸ்அப்புல போட்டிருக்கான். முதுகுல முப்பத்திரண்டு பட்டன் வச்ச பிளவுஸ் அவன் ஐடியாவாம். நான் பாத்துக் காப்பி அடிச்சிட்டேனாம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல என்னைச் சங்கத்தை விட்டே தூக்கணுமாம்."

சங்கத்தில் இல்லாதவருக்கு அந்த ஊர் ஜவுளிக்கடைகள் எதுவும் வேலை தராது. இந்த வயதில் மூன்றாவது தொழில் கற்கும் தெம்பு அவரிடம் இல்லை.

"அவர் கடையில பாத்தீங்களா?"

"ஷோகேஸ்ல ஒண்ணு தொங்குது. நான் தைச்ச பிறகுதான் அதையே கவனிச்சேன். எனக்கு அது மக்காச்சோளம் உரிக்கும்போது தோணுனது மாஸ்டர். வரிசை வரிசையா முத்து இருந்துச்சு. சத்தியமா."

"நம்புதேன்."

"நீங்க நம்புனா போதுமா? பதில் எழுதியிருக்கேன். ஏழு பக்கம்."

மைமூன் ஏழு பக்கத்தையும் வாங்கினாள். முதல் வரியை மட்டும் படித்தாள். தாள்களை மேசையில் ஒன்றோடொன்று ஒட்டிப் பரப்பி, சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரிக்கோலை எடுத்து ஒரு பிளவுஸ் கையின் அளவுக்கு வளைத்து வெட்டினாள்.

"மாஸ்டர்! அது என் பதில்!"

"நல்ல கெட்டித் தாளு. கை வெட்ட வாகா இருக்கு."

கோமதிநாயகம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பையில என்ன?"

"அந்த பிளவுஸ்தான். கூட்டத்துல காட்டலாம்னு ஒண்ணு கூடுதலாத் தைச்சேன்."

மைமூன் அதைப் பொம்மைக்கு மாட்டினாள். கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகத் துணி வளையத்துக்குள் நுழைக்க ஆரம்பித்தாள். ஒன்பதாவது பட்டனில் டீ வந்தது. பதினேழாவதில் டீ ஆடை கட்டியது. இருபத்தாறாவதில் அவள் விரலை உதறிக்கொண்டாள்.

"அழகா இருக்கில்ல மாஸ்டர்?" என்றார் கோமதிநாயகம்.

"எத்தனை கொடுத்திருக்கீங்க?"

"பதினொண்ணு. எல்லாம் கல்யாணப் பொண்ணுக."

"திருப்பி வாங்க முடியுமா?"

"கல்யாண பிளவுஸை எப்படி மாஸ்டர் திருப்பிக் கேக்க?"

"சரி. இனிமே தைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு, இது தங்கத்துரை அண்ணனோடதுதான்னு சொல்லிருங்க."

"செய்யாத தப்பை ஒத்துக்கவா?"

"அவர் தன்னோடதுன்னு கேக்குற பொருளை அவர்கிட்டயே கொடுத்துருங்கன்னுதான் சொல்லுதேன்."

அவருக்கு அழுகையே வந்தது. ஆனால் மாஸ்டர் சொல்லி அவர் எதையும் மறுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கத்துரை புதுச் சட்டை போட்டுக்கொண்டு சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். கோமதிநாயகம் எழுந்தார்.

"முப்பத்திரண்டு பட்டனும் தங்கத்துரையோடதுதான். என்கிட்ட வாங்குன பதினொரு வீட்டுக்கும் அவர் பேரையும் நம்பரையும் சொல்லிட்டேன். பாராட்டெல்லாம் அவருக்கே போகட்டும்."

தங்கத்துரை சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். தலைவர் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். கோமதிநாயகமும் ஓரத்தில் நின்றார்.

புதன்கிழமை முதல் கல்யாணம். ஏழரைக்கு முகூர்த்தம். ஏழு மணிக்குக் கூறைப்புடவை கட்டப் பெண் உள்ளே போனாள். இரண்டு அத்தையும் ஒரு சித்தியும் பட்டன் போட்டார்கள். முப்பத்தொன்று வரை போட்டபின் மேலே ஒரு பட்டன் வளையமில்லாமல் மிஞ்சியது. அடியில் முதல் பட்டனையே இரண்டாவது வளையத்தில் மாட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் கழற்றினார்கள். வெளியே ஐயர், "பொண்ணை அழைச்சிண்டு வாங்கோ," என்று நான்காவது தடவை சொன்னார்.

பெண்ணின் அப்பா தங்கத்துரைக்குப் போன் போட்டார்.

"யோவ், இதை எப்படிய்யா போடணும்?"

"எதை?"

"உம்ம பட்டனை!"

தங்கத்துரை மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார். மனைவி கதவுக்கு உள்ளே. அவர் கதவுக்கு வெளியே. "மேல இருந்து வா! மேல இருந்து!" என்று அவர் கத்த, பெண்ணின் அப்பா அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே நின்றார். முகூர்த்தம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது பெண் மணைக்கு வந்தாள். முதுகில் பாதிக்கு ஊக்கு குத்தியிருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு கல்யாணம். இரண்டு இடத்துக்கும் அவரே ஓடினார். மிச்சம் எட்டு முகூர்த்தம்.

அடுத்த ஞாயிறு அவரே அவசரக் கூட்டம் கூட்டினார். ஒரு கையில் கல்யாண வீட்டில் கேட்டு வாங்கிய கோமதிநாயகத்தின் பிளவுஸ். மறு கையில் தன்னுடையது.

"நல்லாப் பாத்துக்கோங்க! இது என் டிசைனே இல்ல!"

"போன வாரம் உங்களோடதுன்னீங்களே?" என்றார் தலைவர்.

தங்கத்துரை தன் பிளவுஸை உள்பக்கம் திருப்பினார். "என் பட்டன் பூராவும் சும்மா அழகுக்கு. உள்ள அஞ்சே அஞ்சு ஹூக்கு. அரை நிமிஷத்துல மாட்டிரலாம். இந்த மனுசன் முப்பத்திரண்டையும் நிஜமாவே போட வச்சிருக்காரு! காப்பி அடிக்கிறவன் எவனாவது இப்படித் தைப்பானா? இது அவரா யோசிச்சதுதான். என் பிள்ளைக மேல சத்தியம்!"

நாற்பது பேரும் கை தட்டினார்கள். யாருக்கு என்று தெரியவில்லை. புகார் தள்ளுபடியானது என்று தலைவர் எழுதிக்கொண்டார். மீதி எட்டு பிளவுஸுக்கும் உள்ளே ஹூக்கு வைக்கும் வேலையை இருவரும் ஆளுக்கு நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். எப்படி வைப்பது என்பதைத் தங்கத்துரை அங்கேயே காட்டிக்கொடுத்தார். திட்டிக்கொண்டேதான்.

கோமதிநாயகம் அரைக் கிலோ அல்வாவோடு மைமூனின் கடைக்கு ஓடினார்.

"மாஸ்டர், ஜெயிச்சாச்சு! நான் காப்பி அடிக்கலைன்னு அவனே அத்தனை பேர் முன்னாடி சத்தியம் பண்ணிட்டான்!"

மைமூன் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள்.

"உண்மைதான் அண்ணாச்சி. நீங்க காப்பி அடிக்கல."

"பாத்தீங்களா!"

"அடிச்சிருந்தா அந்தப் பொண்ணு நேரத்துக்கு மணையில உக்காந்திருக்கும்."