துறைவீட்டுக் குருவி

பறவைகள் மனிதரோடு மனிதராகப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேகலநாட்டில் வீட்டுக்கு ஒரு பறவை வாசல் காக்கும். வந்தவர் "இது யார் வீடு?" என்று கேட்டால், அந்த வம்சத்தை முதல் ஆளிலிருந்து கடைசிப் பிள்ளை வரை அது சொல்ல வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்த ஆள் செத்த பிறகு போக்கிடம் இல்லாமல் அலைவார் என்று நம்பினார்கள்.

அரண்மனைக்கு மயில். அது நாற்பது தலைமுறை சொல்லி முடிப்பதற்குள் வந்தவனுக்குப் பசித்துவிடும். ஆற்றில் பரிசல் தள்ளும் துறைவீட்டாருக்கு மயிலை யார் கொடுப்பார்கள்? நெட்டைக்கால் குருவி ஒன்றுதான் வாய்த்தது. அவர்களுக்கு மொத்தமே ஆறு தலைமுறை. ஆனாலும் அந்தக் குருவிக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா! கூரை மேல் உட்கார்ந்துகொண்டு யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆறாம் தலைமுறை எயினனுக்கும் அவன் மனைவி கொற்றிக்கும் ஒரு பெண் பிறந்தது. செம்பி என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு நாற்பது நாள் ஆனபோது நாட்டைப் புது அரசன் பிடித்தான். பழைய அரசனை அக்கரைக்குத் தப்பவிட்டது துறைவீட்டுப் பரிசல்தான் என்று தெரிந்ததும், அந்த வம்சத்தில் ஒரு உயிர்கூட மிஞ்சக் கூடாது என்று ஆள் அனுப்பினான்.

சேதி முந்திக்கொண்டு வந்தது. கொற்றி குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்து, ஆற்றோரக் கோரைக்குள் கிடத்தினாள். குருவியிடம் வந்து, "என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே. இவள் ஒருத்தியாவது இருக்கட்டும்," என்றாள். குருவி தலையாட்டியது.

உச்சி வெயிலில் வந்தார்கள். எயினனையும் கொற்றியையும் வாசலிலேயே வெட்டிப்போட்டார்கள். குருவி சத்தம் காட்டவில்லை. குழந்தையும் அழவில்லை, நல்ல தூக்கம். வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். அவர்களின் தலைவன் மட்டும் போகிற போக்கில், பழக்கதோஷத்தில் கூரையைப் பார்த்துக் கேட்டான்.

"இது யார் வீடு?"

குருவி வாசலைப் பார்த்தது. இப்போதுதான் செத்த இரண்டு பேர் கீழே கிடக்கிறார்கள். பெயர் சொல்லாவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? கொற்றியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்து ஆரம்பித்தது. முதல் பரிசல்காரனிலிருந்து ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தது. எயினன் பெயர் வந்தது, கொற்றி பெயர் வந்தது. அங்கே நிற்க வேண்டிய நாக்கு நிற்கவில்லை.

"அவர்கள் மகள் செம்பி."

சொன்ன பதற்றத்தில் கோரைப் பக்கம் திரும்பியும் பார்த்துவிட்டது, பாவி. தலைவன் அந்தப் பக்கம் நடந்தான்.

ஏழு தலைமுறையையும் ஒரு பெயர் விடாமல் சொன்ன அந்தக் குருவி அதற்கப்புறம் பேசவே இல்லை. கூரையிலும் உட்காரவில்லை, மரத்திலும் அடையவில்லை.

அன்றைக்குப் பிடித்த பயம்தான் இன்னும் விடவில்லை. ஆள்காட்டிக் குருவி இப்போதும் வெறுந்தரையில்தான் முட்டையிடுகிறது. ஆளைக் கண்டால் எங்கேயோ தள்ளிப்போய் நின்று தொண்டை கிழியக் கத்துகிறது. முட்டை கிடக்கும் பக்கம் மட்டும் அது திரும்பிப் பார்ப்பதே இல்லை.