குளிரில் இலை விடாத கேழ்வரகு

பயிர் பச்சைக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், கேழ்வரகு நாற்றுக்கு இலைதான் நாக்கு. வெயிலோ பனியோ, மூன்று நாளைக்கு ஓர் இலை விட்டுவிடும். இலை கூடக் கூடப் பேச்சும் கூடும். ஐந்து இலை வந்த நாற்றங்கால் பக்கம் போனால் காது வலிக்கும், போங்கள்!

மலைமேல் ஒரு சிற்றூர். மார்கழி பிறந்தால் பனி தாங்காமல் ஊரே மாடு கன்றோடு அடிவாரத்துக்கு இறங்கிவிடும். ஊர் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள, வீட்டுமுறை வைத்து ஒருவர் மட்டும் மேலே இருக்க வேண்டும். அந்த வருஷம் சடைச்சி வீட்டு முறை. அவளுக்குப் புருஷன் போய் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி கிடையாது. "இந்தத் தடவை நீ எங்களோட வா, வேற ஆளை விடலாம்" என்று ஒருத்தராவது சொல்வார்கள் என்று பார்த்தாள். ம்ஹூம்.

முதல் இரண்டு நாள் நெருப்போடு பேசினாள். அது என்ன பதிலா சொல்லும்? மூன்றாம் நாள், பனி மாதத்தில் விதைக்கக் கூடாது என்று தெரிந்தும், ஒரு பிடி கேழ்வரகை வாசலோரம் தூவித் தண்ணீர் தெளித்தாள்.

முளைத்தது. முதல் இலை "அக்கா" என்றது. சடைச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று இலை வந்ததும் வாசல் கல்யாண வீடாகிவிட்டது. "என்ன சமைச்சே? ஏன் சரியா சாப்பிடல? மாமா எப்படி இருப்பாரு?" ஓயாத கேள்வி. அவளும் சலிக்காமல் சொன்னாள்.

தை பிறந்தபோது பனி இன்னும் இறுகியது. ஒரு சாயங்காலம் நாற்றுகள், "அக்கா, மண்ணு ஜில்லுனு கிடக்குது. கொஞ்ச நாளைக்கு இலை விடாம, வாயை மூடிட்டு இருக்கட்டுமா?" என்று கேட்டன.

சடைச்சி குனிந்து நாற்றுகளைக் கையால் அணைத்துக்கொண்டாள். "ஐயோ, கண்ணுங்களா, அப்புறம் நான் யாரோட பேசுவேன்? ஒரே ஒரு இலை. எனக்காக விடுங்க."

நாற்றுகளுக்கு மனசு கேட்கவில்லை. விட்டன. விடியலில் பிஞ்சு இலை தலைகாட்டியதுதான் தாமதம், உறைபனி எல்லாவற்றையும் பொசுக்கிவிட்டது. சடைச்சி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. "நானே கொன்னுட்டேனே" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஓரத்தில் ஒன்று மட்டும் அடித்தண்டில் கொஞ்சம் பச்சை காட்டியது. ஓடிப்போய்ச் சுடுசாம்பலை அள்ளி வந்து, அதைச் சுற்றித் தள்ளித் தள்ளிக் கொட்டினாள். மண் வெதுவெதுப்பானது. நான்காம் நாள் ஓர் இலை வந்தது.

"அக்கா, உன்மேல கோபம் இல்ல" என்றது அது. "ஆனா இனிமே நாள் கணக்கு கிடையாது. குருத்தை மண்ணுக்குள்ளயே வச்சுக்குவேன். மண்ணுல எவ்வளவு சூடு சேருதோ, அவ்வளவுக்குத்தான் இலை. பேசினா நீ மறுபடியும் கெஞ்சுவே, நானும் இரங்கிடுவேன். அதனால பேச்சையும் இதோட விட்டுடறேன்."

"வேணாம்டி, நான் இனிமே கெஞ்சவே மாட்டேன்" என்று சடைச்சி கெஞ்சினாள்.

பதில் இல்லை. ஊர் திரும்ப இன்னும் இருபது நாள் இருந்தது.

அன்று முதல்தான் இளம்பயிர் நாளைப் பார்க்காமல் சூட்டைப் பார்த்து இலை விடுகிறது. வெயில் ஏறினால் கிடுகிடுவென்று வளரும். பனிக்காலத்தில் எத்தனை நாளானாலும் அதே இரண்டு இலையோடு நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து யார் எவ்வளவு கெஞ்சினாலும் வாய் திறக்காது.