கோணப்புதூருக்குக் கம்ப்யூட்டர் வந்த வேகம்

மொச்சை உரிக்கிற கை பாட்டுக்கு உரிக்கட்டும். வாய் எதுக்குச் சும்மா இருக்கணும்? கேளுங்க.

கோணப்புதூர் பால் சங்கத்துச் செயலாளர் வேலாண்டிக்கு ரெண்டு நாளாச் சோறு இறங்கவில்லை. சுத்துப்பட்டு ஊர் மாட்டு விவரம் எல்லாத்தையும் ஒரே கம்ப்யூட்டரில் ஏத்தப்போகிறார்களாம். கோணப்புதூரில் அது வேகமாக ஓடினால் அங்கேயே இருக்கும். ஓடாவிட்டால் மேலப்புதூருக்குப் போய்விடும். மேலப்புதூர்ச் செயலாளர் யார்? வேலாண்டியின் மச்சான். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் மச்சான் முன்னால் போய்க் கைகட்டி நிற்கணும்.

டவுனிலிருந்து மிஷினைக் கொண்டுவரப்போகிற கம்ப்யூட்டர் சார் போனில் சொன்னார்: "மிஷின் வந்த பிறகு அழுது பிரயோஜனமில்லை. வேகமா ஓடணும்னா முன்னாடியே தயாராகணும். எல்லா மாட்டு விவரமும் ஒரே நேரத்துல உள்ளே வந்தாத் தாங்குமான்னு பாருங்க. ஒரே விவரம் ரெண்டு தடவை இருந்தா ஒண்ணை எடுத்துடுங்க. இனிமேப் பிறக்கப்போற கன்னுக்கும் இப்பவே இடம் விட்டு வைங்க. வெள்ளிக்கிழமை வர்றேன்."

உடனே சங்கத்தில் கூட்டம் கூடியது.

"மாட்டு விவரம் எங்கேப்பா இருக்கு?" என்றார் தலைவர் தொப்புளான்.

வேலாண்டி யோசித்தான். "நிறம் தோல்மேல இருக்கு. வயசு பல்லுல இருக்கு. பால் மடியில இருக்கு."

"அப்போ மாட்டை உள்ளே விட்டா விவரமும் கூடவே வந்துடும்!"

என்ன அறிவு என்று எல்லாரும் தலைவரைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். ஊர் மாடு மொத்தத்தையும் சங்கத்துக்கு ஓட்டிவந்தார்கள். வாசலில் ரெண்டு மாடு சிக்கிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"பாத்தீங்களா? இங்கேதான் வேகம் குறையுது!" என்று வேலாண்டி கடப்பாரையைத் தூக்கினான். பொழுது சாயறதுக்குள் வாசல் பக்கத்துச் சுவரே இல்லை. மாடுகள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தன. கூரை தாங்கியது. வேலாண்டிக்கு அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு இறங்கியது.

அடுத்தது, ரெண்டு தடவை இருக்கிற விவரம். சங்க உறுப்பினரில் பிச்சை, பரதேசி என்று ரெட்டைப் பிள்ளைகள்.

"உங்கப்பன் பேரென்ன?"

ரெண்டு பேரும் ஒரே பேரைச் சொன்னார்கள்.

"பிறந்த நாளு?"

அதுவும் ஒண்ணு.

"ஒருத்தனை எடுத்துட வேண்டியதுதான்" என்றார் தலைவர்.

"ஐயா, எங்க பொண்டாட்டிங்க வேற வேறங்க!" என்று கதறினான் பிச்சை.

"அந்தச் சாக்கெல்லாம் இங்கே செல்லாது" என்று பரதேசியை அவன் மாமியார் வீட்டுக்கு எடுத்து அனுப்பினார்கள். அங்கே கோழி அடித்துப்போட்டார்களாம். என்னை எடுத்திருக்கக்கூடாதா என்று பிச்சை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

பிறகு பாதிக் கூடத்தைக் காலியாக விட்டு, பிறக்காத கன்றுகளுக்கு முளைக்குச்சி அடித்தார்கள். அங்கம்மாவின் சினைமாட்டை அந்த ஓரத்திலேயே கட்டினார்கள். "தலைவர் கன்னுக்குப் பக்கத்துல எங்கன்னு வேண்டாம், அது உதைக்கும்" என்றாள் அங்கம்மா. "பிறக்காத பிள்ளைமேல பழி போடாதே!" என்று தலைவர் கண் கலங்கினார்.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் சார் பெட்டியோடு வந்தார். சாணியைத் தாண்டித் தாண்டிக் கூடத்தைச் சுத்திப் பார்த்தார்.

"மிஷினை எங்கேய்யா வைக்கிறது?"

"இடமில்லீங்களே" என்றான் வேலாண்டி.

"இவ்வளவு காலியா இருக்கே?"

"அது கன்னுங்க கட்டியிருக்கிற இடங்க. இன்னும் பிறக்கலை, அவ்வளவுதான்."

"அப்போ மேலப்புதூருக்கே கொண்டுபோறேன்" என்று சார் திரும்பினார். வேலாண்டிக்கு உயிர் போய்விட்டது. பாய்ந்து பெட்டியைப் பிடுங்கி, அங்கம்மாவின் முளைக்குச்சி பக்கத்தில் வைத்தான்.

வைத்ததும் வைக்காததுமாக, அங்கம்மாவின் மாடு "ம்மா" என்று கத்திக் கன்று போட்டது.

கூடமே பெட்டியைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கலை," என்றார் தலைவர், "அதுக்குள்ள ஒரு புது மாடு ஏறிடுச்சு! என்ன வேகம்!"

பெட்டிக்கு மாலை போட்டார்கள். வேலாண்டி தேங்காய் உடைத்தான். "சார், கன்னு போட்ட இடத்துலேருந்து ஒரு பொருளும் வெளியே போகக்கூடாது. எங்க ஊர் வழக்கம். இனி மிஷின் இங்கேதான். நீங்களும் இங்கேதான்."

சார் பேச வாயெடுத்தார். அதற்குள் அந்த மாடு இன்னொரு கன்று போட்டது. அச்சு அசல் முதல் கன்று மாதிரியே. அதே நிறம், அதே சுழி.

எல்லாரும் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சாரைப் பார்த்தார்கள்.

"எடுத்துடுவோம் சார்," என்றான் வேலாண்டி பணிவாக. "பரதேசியோட மாமியார் வீட்டுக்கே அனுப்பிடுவோம். நீங்க இவ்வளவு தூரம் வந்ததுக்கு எது முதல்ல பிறந்ததுன்னு மட்டும் அந்த மாட்டுக்கிட்டக் கேட்டு..." சார் ஒரே ஓட்டமாக வாசலைப் பார்த்து ஓடினார். வாசல்தான் இல்லையே, சுவர் இருந்த பக்கம் பூரா மாடு, எது வழியா வெளியே போறதுன்னு தெரியாமல் அவர் அந்த மாடுகளுக்கு நடுவில் சுத்திச் சுத்தி வந்து, கடைசியில் பிச்சையின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் அந்த மாமியார் வீட்டுக்கே அனுப்பிடுங்க" என்று...

இதோ வந்துட்டேன் அத்தை, பிள்ளை முழிச்சுக்கிட்டானா? மொச்சையை நீங்க உரிங்க, மீதிக் கதை அப்புறம்.